நாளைக்கு டே இல்லை

மில் பஸ் கேட்டுக்குள் வந்து நின்றது. டிரைவர் மட்டும் இறங்கினார்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் நான் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். என் மேஜையில் இருக்கும் பெயர்ப் பலகையை அப்பா வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"எங்கண்ணே ஆளுங்க?"

"நீங்கதானம்மா லீவு விட்டீங்க? ஒவ்வொரு ஸ்டாப்லயும் ஆரன் அடிச்சேன். ஒரு நாய்தான் எந்திரிச்சுப் பாத்துச்சு."

லீவா? ஃபோனை எடுத்துப் பார்த்தேன். ஹெட் ஆபீசிலிருந்து வசந்த காலத்துக்கென்று வேடிக்கையான தினங்களை அனுப்பியிருந்தார்கள். தலையணைச் சண்டை தினம், ஜோடி சேராத சாக்ஸ் தினம். பங்குனி வெயிலில் இங்கே யார் சாக்ஸ் போடுவது? ஒன்று மட்டும் எங்கள் மில் பெண்களுக்குப் பொருந்தும் என்று பட்டது. முந்தின நாள் மில் வாட்ஸப் குரூப்பில் போட்டேன்: "நாளை நோ ஹவுஸ்வொர்க் டே. நன்றாக ஓய்வெடுங்கள்!"

மில்லில் 'டே' என்றால் பகல் ஷிஃப்ட். டே, அரை நைட், ஃபுல் நைட் என்றுதான் பேச்சு. நடுவில் இருந்த 'ஹவுஸ்வொர்க்'கை விட்டுவிட்டு, நாளைக்கு டே இல்லை, ஓய்வெடுங்கள் என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆளு வர்ற வரைக்கும் ஃபுல் நைட்காரங்களே ஓட்டட்டும். மெஷின் நின்னுச்சுன்னா உன் வேலையும் நின்னுரும்மா."

நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதிக்குள் ஓடினேன். ராத்திரி முழுக்க நின்ற பேச்சியம்மா அக்கா, அறுந்த இழையை ஒட்டக் குனிந்துகொண்டிருந்தார். கண் சொருகியது. நூலைச் சுற்றிக்கொண்டு சுழலும் இரும்புக் கதிருக்குப் பக்கத்தில் போன விரல் சட்டென்று பின்வாங்கியது. அதே வரிசையில் போன மாதம் ஒரு பெண்ணுக்கு விரல் நுனி போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான்.

"அக்கா, செத்த நேரம் உக்காருங்க."

"உக்காந்தா தூங்கிருவேன் தாயி. போய் ஆளக் கூட்டியா."

காலி பஸ்ஸில் ஏறினேன். வடமதுரை ரோட்டில் முதல் ஊர். டே ஷிஃப்ட் முத்துமாரி அக்கா குழாயடியில் துணி மலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"வீட்டு வேல செய்யாத நாளா? எந்த மகராசன் கண்டுபிடிச்சான்? லீவுன்னதும் வீட்டுல இருந்த போர்வை அம்புட்டையும் எடுத்துப் போட்டுட்டாரு எங்க வீட்டுக்காரரு!"

"அக்கா, பேச்சியம்மா அக்கா இன்னும் மெஷின்ல நிக்கிறாங்க. கண்ணு சொருகுது."

சிரிப்பு நின்றது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நீ இந்தப் போர்வையப் பிழிஞ்சு போடு. நா சேலைய மாத்திட்டு வாரேன்."

நான் பிழிந்தேன். பாதித் தண்ணீர் என் மேல்தான். அக்கா வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஏய், டே இருக்காம்டி, கெளம்புங்க!" என்று கத்திக்கொண்டே போனார்.

பஸ் முக்கால்வாசி நிறைந்து திரும்பியது. நான் முதலில் குதித்து ஓடினேன். வெளியே வந்த பேச்சியம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தேன்.

"என்ன தாயி, மோதிரம் போடப் போறியா?"

பத்து விரலும் இருந்தன.

மெமோ கிடைத்தது, வேலை தங்கியது. இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: நாம் என்ன எழுதினோம் என்பதைவிட, மெஷின் பக்கத்தில் நிற்பவர் அதை எப்படிப் படிப்பார் என்பதுதான் முக்கியம். எந்த அறிவிப்பையும் இப்போது முத்துமாரி அக்காவிடம் காட்டி, அவர் வாயால் அர்த்தம் கேட்ட பிறகே போடுகிறேன். ஆனாலும் காலையில் பஸ் திரும்பும்போது ஜன்னலில் தலைகள் தெரிகிற வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.