நானே வித்த மனு

எங்க அண்ணி மாதிரி ஒரு பொம்பளைய நான் பாத்ததில்ல. இதை அவங்க எதிர்ல சொன்னா, "போய் வேலையப் பாருடி"ன்னு திட்டுவாங்க. அதனாலதான் எழுதறேன்.

அண்ணிக்குத் தொழில் பாவு புணைக்கிறது. தறியில பழைய பாவு முடியற நேரத்துல, அதோட நுனியில புதுப் பாவை இழை இழையா விரலால முறுக்கிச் சேக்கணும். ஒரு இழை விட்டாலும் புடவையில தெரியும். பிள்ளையார்பாளையத்துல பாதி வீட்டுக்கு அண்ணிதான் போவாங்க. நான் தாலுகா ஆபீசுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்கறேன். எங்க வீடுங்க ஐயம்பேட்டைக்குப் பக்கத்துல, வயலை ஒட்டி ஒரே தெரு.

நாலு வருசத்துக்கு முன்னாடி அந்தத் தெருவுக்கே நோட்டீஸ் வந்துச்சு. நீங்க இருக்கறது மேய்க்கால் புறம்போக்கு, மாடு மேய அரசாங்கம் விட்ட நிலம், ஆக்கிரமிச்சிருக்கீங்க, காலி பண்ணுங்க. எங்க தாத்தாவுக்குத் தாத்தா பொறந்த இடம்பா அது!

நான்தான் பெரிய புத்திசாலியாச்சே. எங்க கடையில பட்டா கேக்கறதுக்கு ஒரு மாதிரி மனு உண்டு. பேரையும் ஊரையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. யாரு எழுதினதோ தெரியாது, பல வருசமா அதைத்தான் விக்கறோம். தெரு மொத்தத்துக்கும் காப்பி எடுத்துக்கினு வந்து, வீடு வீடா கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டேன். அண்ணி தறி வீட்டுக்குப் போயிருந்தாங்க, அண்ணன்தான் போட்டாரு.

விசாரணை அன்னிக்கு அதிகாரி அந்த மனுவையே எங்க பக்கம் திருப்பி வெச்சாரு. "'மேற்படி அரசு நிலத்தை ஆக்கிரமிப்பு செய்து குடியிருந்து வருகிறோம்'னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

எத்தனை பேருக்கு வித்திருப்பேன் அந்தப் பேப்பரை! ஒரு நாளாவது படிச்சுப் பாத்தேனா? சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கிறதுன்னா இதுதான்.

அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் சுட்டுச்சு. அதிகாரியைப் பாத்து, "மாடு மேயற நிலம்னு மொதல்ல எழுதினது யாரு சார்?"ன்னாங்க. வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் பதிவேடு, அதை வெச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் பாக்கறோம்னாரு. "அப்ப அதை நான் பாக்கணும்." அவரும் டைம் குடுத்தாரு.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கினு போயி எத்தனை காலமாச்சு! அவன் எழுதின எழுத்து மட்டும் இன்னும் எங்க அடுப்படியில உக்காந்துக்கினு இருக்குது. வரி வர்ற வயலுக்கெல்லாம் ஆளு பேரை எழுதினான். மாட்டுக்குக்கூட இடம் ஒதுக்கினான். அந்த வயல் சேத்துல நின்னவனுக்கு ஒரு அடி நிலம் எழுதல, படுபாவி.

அண்ணி வேலைய விட்டுட்டு நடையா நடந்தாங்க. இன்னிக்கு வா, நாளைக்கு வா. கடைசியில பதிவேட்டு நகலும் அந்தக் காலத்து வரைபடமும் கையில கெடச்சுது. என் கடை மேசையில விரிச்சோம். நான் ரெண்டு தரம் பாத்துட்டு, "ஒண்ணுமில்ல அண்ணி"ன்னுட்டேன். அவங்க விரலை வெச்சு ஒவ்வொரு கோடா தடவிக்கினே போனாங்க. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. எங்க கிணறு. அதைச் சுத்திச் சின்னச் சின்னதா குடிசைங்க. பக்கத்துல இங்கிலீஷ் எழுத்துல ஒரு வார்த்தை. அண்ணிக்கு இங்கிலீஷ் வராது, என்னைப் படிக்கச் சொன்னாங்க.

'சேரி'ன்னு போட்டிருந்துச்சு.

அந்த வார்த்தையை அண்ணி எதிர்ல யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லித்தான் அவங்களைத் தனியா உக்கார வெச்சாங்களாம். ஒரு தடவை பஸ்ஸுல ஒருத்தன் சொல்லிட்டு, செருப்படி வாங்காத குறையா எறங்கி ஓடினான். நான் படிச்சு முடிச்சதும் அவங்க படத்தை மடிச்சுப் பையில வெச்சுக்கினு வீட்டுக்குப் போயிட்டாங்க.

மறு விசாரணையில படத்தை நீட்டினாங்க. அதிகாரி குனிஞ்சு பாத்து வாய்க்குள்ளயே முணுமுணுத்தாரு.

"கேக்கல சார். சத்தமாப் படிங்க."

"சேரி."

"இன்னொரு தரம்."

அவரு படிச்சாரு. அறையில இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கே கூச்சமா இருந்துச்சு. அண்ணி அசையல. "வெள்ளைக்காரன் கோடு போட வந்தப்பவே நாங்க இருந்தோம் சார். அப்பறம் ஆக்கிரமிச்சது யாரு, நீங்களே சொல்லுங்க."

வெளிய வந்ததும் குழாயடியில ரொம்ப நேரம் மூஞ்சியக் கழுவிக்கினே நின்னாங்க. நான் பையைப் பிடிச்சுக்கினு நின்னேன்.

நோட்டீஸ் ரத்தாச்சு. போன வருசம் வீட்டுக்கு வீடு பட்டாவும் வந்துச்சு.

மாதிரி மனு கேட்டு இப்பவும் கடைக்கு வர்றாங்க. போன வாரம் திருப்பருத்திக்குன்றம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. "நிலத்தை ஆக்கிரமிச்சீங்களா?"ன்னு கேட்டேன். பதறிப் போயிட்டாரு. "ஐயையோ, இல்லம்மா! நாங்க அங்கயே பொறந்து வளந்தவங்கம்மா."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னாடி வெச்சேன்.

"அதையே எழுதுங்க."