ஹார்மையும் கூப்பிடு

எல்ஸ்கே போக்ஹோஃப் என்று ஒரு மகராசி. அவர் மட்டும் இல்லையென்றால் நான் இன்று லேயர் ஊர் பிஸ்கட் ஆலையில் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

மீன் ஆலையில் டப்பா அடைத்த கை அவருடையது. அங்கே தொழிலாளர் குழுவில் இருந்து அடிபட்டுக் கற்றதை, இப்போது ஆலை ஆலையாகப் போய் மற்ற குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "சத்தம் போட எவனுக்கும் வரும்யா. முறையா கூட்டம் போடத் தெரியணும்" என்பார். எங்கள் குழுத் தலைவன் ஃபோக்கோ அந்த வகுப்பில் நன்றாகத் தூங்கினான்.

ஆலையில் நான் வேலை பார்த்த அடுப்பை மூடினார்கள். என்னை வேலையிலிருந்து நீக்கப் போவதாக நிர்வாகம் குழுவுக்குத் தெரிவித்தது. ஒரு வாரத்துக்குள் குழு எதிர்ப்பைச் சொல்ல வேண்டும். வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

ஃபோக்கோ தேநீர் வேளையில் குழுவிடம் என்னைப் பற்றிக் கேட்டான். "ரெமரை அனுப்பக் கூடாது, சரிதானே?" எல்லாரும் கோப்பையைத் தூக்கினார்கள். முடிந்தது. எங்கள் ஊரில் தேநீரோடு தீராத விஷயம் ஏது?

அந்த ஒரு வாரக் கெடுவின் கடைசி நாள் எல்ஸ்கே வந்தார்.

"எங்க கூடினீங்க?"

"தேநீர் குடிக்கிறப்போ."

"அடப்பாவி! அழைப்பு அனுப்பினியா? உங்க குழுவுல கெர்டா உடம்புக்கு முடியாம கெடக்காளே, அவளுக்குப் பதில் ஆள் யாரு?"

"ஹார்ம்" என்றான் ஃபோக்கோ, தரையைப் பார்த்துக்கொண்டு.

சாலையில் பந்து உருட்டும் போட்டியில் ஹார்மின் பந்து கோட்டைத் தாண்டவில்லை என்று நான் சொன்னதிலிருந்து, அவன் என் முகத்தில் விழிப்பதில்லை. குழுவில் பாதிப் பேர் அவன் சொல்லுக்குத் தலையாட்டுகிறவர்கள்.

"அவனைக் கூப்பிட்டா ரெமர் கதை முடிஞ்சுதுங்க."

"கூப்பிடலேன்னா இப்பவே முடிஞ்சுது. உங்க எதிர்ப்புக் கடிதத்தை நிர்வாகத்து வக்கீல் ஒரே ஊதா ஊதிடுவான்."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! "என்னைக் காப்பாத்த வந்தீங்களா, கவுக்க வந்தீங்களா?" என்று கத்திவிட்டேன்.

"உன்னைப் பிடிச்சவங்க மட்டும் கூடி எடுத்த முடிவு உனக்கு உதவாது, ரெமர். போய் வெளியில நில்லு."

அன்றே முறையாக அழைப்புப் போய், குழு கூடியது. நான் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்றேன். வீட்டில் என்ன சொல்வது என்ற ஒரே நினைப்பு. கடைசியில் ஃபோக்கோ வந்து, உள்ளே ஹார்ம் பேசியதை அப்படியே ஒப்பித்தான்.

"அவன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா எங்க பொட்டலக் கூடத்துல ஒரு இடம் காலியாத்தான் கெடக்கு. வேலை இருக்கிறப்போ எதுக்கு ஆளைத் துரத்தணும்? அதை எழுது."

அந்தக் காலி இடம் குழுவில் வேறு யாருக்கும் தெரியாது. எல்ஸ்கே மேசையைத் தட்டினாராம். "இதுதான்யா காரணம்! இதைச் சட்டம் கேக்கும்!" எல்லாக் கைகளும் உயர்ந்தன. எதிர்ப்பு அன்று மாலையே போனது. நிர்வாகம் இறங்கிவந்து என்னைப் பொட்டலக் கூடத்துக்கு மாற்றியது.

எல்ஸ்கேயின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொன்னேன். "என்கிட்ட எதுக்குய்யா? போய் ஹார்ம்கிட்ட சொல்லு" என்றார்.

அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவனும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் எங்கள் கூடத்தில் தேநீர் ஊற்றுவது ஹார்ம்தான். எங்கள் ஊர் வழக்கப்படி, கோப்பையில் கரண்டியைப் போட்டுவிட்டால் இனி வேண்டாம் என்று அர்த்தம். போடாதவரை ஊற்றுகிறவன் ஊற்றத்தான் வேண்டும்.

நான் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பேன்.

"வயிறா பீப்பாயாடா அது?" என்று சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டே மறுபடியும் ஊற்றுவான்.