முதாசிரின் பதினெட்டு அடிக் கம்பம்

அந்தக் கம்பத்தைக் கழற்ற வேண்டும் என்று கையைத் தூக்கியவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஒருத்தன்கூட ஸ்பேனரைத் தொடவில்லை. தொட்டது நான். மூன்று வருடமாகிறது. இன்னும் சிட்லபாக்கத்தில் அந்த அபார்ட்மெண்ட் இருக்கும் தெரு வழியாக வண்டியில் போனால் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு. யார் மேல் துப்புவது என்பதுதான் சரியாகத் தெரியவில்லை.

முதாசிர் அதற்கு இரண்டு மாதம் கழித்து இறந்துபோனான். அந்த இரண்டு மாதமும் நான் போன் செய்தால், "கீறேன்டா" என்பான், வைத்துவிடுவான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கம்பத்தைக் கழற்றிய அன்றைக்கு மட்டும் ஒன்று கேட்டான். அதைச் செய்தேன். என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

அவனும் நானும் ஆறாவது வரை ஒரே பெஞ்ச். அதோடு இரண்டு பேருக்கும் படிப்பு முடிந்தது. அவன் கார் ஏசி மெக்கானிக் ஆனான், மேற்குத் தாம்பரத்தில் ஷெட் போட்டான். நான் கேபிள் டிவிக்கு வயர் இழுக்கப் போனேன், இப்போது இன்டர்நெட்டும் சேர்த்து இழுக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் சர்க்கரை அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே தின்றுவிட்டது. வீடு அந்தச் சிட்லபாக்கம் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். மகள் மெஹ்னாஸ் காலை எட்டு மணிக்கு சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். நடுவில் அவனும் ஒரு சக்கர நாற்காலியும்.

"போன் கீதே, யாரையாவது கூப்பிட்டுப் பேசேன்" என்றேன் ஒரு நாள்.

"போன்ல எடுக்கறவன் எல்லாம் அய்யோ பாவம்னு எடுக்கறான்டா. குரல்லயே தெரியுது. எனக்கு அது வாணாம்."

அப்போதுதான் பரண் மேலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுக்கச் சொன்னான். உள்ளே இரண்டு ரேடியோ செட். அவனுடைய மச்சான் வளைகுடாவில் லாரி ஓட்டியபோது வைத்திருந்தது. சிட்டிசன் பேண்ட் என்று பெயராம். கார் ஸ்டீரியோ அளவில் ஒரு பெட்டி, சுருள் வயரில் தொங்கும் ஒரு மைக், நாற்பது சேனல். மைக்கில் பட்டனை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் எதிராளி பேசுவது கேட்கும். ஐந்து வாட்டுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை என்ற அரசாங்க உத்தரவை மெஹ்னாஸை விட்டு பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தான்.

"இதுல கூப்பிட்டா யாருக்கு இஷ்டமோ அவன் பதில் சொல்வான். என் கால் அவனுக்குத் தெரியாது" என்றான்.

ஏரியலாகப் பதினெட்டு அடி அலுமினியக் கம்பத்தை மொட்டை மாடியில் நட்டு, கையில் இருந்த டிவி கேபிளையே இழுத்துக் கொடுத்தேன். முப்பது வருடம் வயர் இழுத்தவன், எனக்குத் தெரியாதா என்ற திமிர். பத்தே நிமிடத்தில் செட் தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"டேய், உன் டிவி கேபிள் எழுபத்தஞ்சு ஓம். இதுக்கு அம்பது வேணும். புக்ல போட்டுகீதுடா, படிக்கத் தெரியாதா?"

"நீ மட்டும் கலெக்டருக்குப் படிச்சியா?"

சரியான வயர் வாங்கி மறுபடி இழுத்தேன். கம்பத்தின் நீளத்தை அரை இன்ச் அரை இன்ச்சாக வெட்டி மீட்டர் பார்க்க வேண்டுமாம். மீட்டரில் முள் ஒன்றரைக்குக் கீழே வந்தால் நல்லதாம். அந்த வெயிலில் நான் மேலே ரம்பத்தோடு நிற்பேன். அவன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து போனில் கத்துவான். கருமம் பிடித்த வேலை.

எல்லாம் முடிந்து கூப்பிட்டால் ஒரு நாய்கூடப் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் நாற்பது சேனலிலும் தினம் கூப்பிட்டான். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல். எப்போதாவது மத்தியானத்தில் ஏதோ தேசத்துக்காரன் புரியாத பாஷையில் இரண்டு நிமிடம் உளறுவான், மறைந்துவிடுவான். இவ்வளவு பெரிய சென்னையில் இந்த விளையாட்டுக்கு இவன் ஒருத்தன்தான்.

ஆகவே இரண்டாவது செட் என் தலையில் விழுந்தது. அஸ்தினாபுரத்தில் என் வீட்டு மாடியிலும் ஒரு கம்பம். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அதன்முன் உட்கார வேண்டும். ரேடியோவில் சொந்தப் பெயர் வைக்கக்கூடாது, பட்டப்பெயர்தான் வழக்கம் என்றான். அவன் பெயர் ஏசி, என் பெயர் கேபிள். பேசி முடித்தால் "ஓவர்" சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் கூசும். என் மனைவி தனக்கோடி அடுப்படியிலிருந்து, "நீ பண்றதே ஓவர்தான், அதை வேற தனியா சொல்லணுமா?" என்று சிரிப்பாள்.

ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே பேசினேன். தட்டு ஒரு கையில் இருந்ததால் மைக்கைத் தொடையடியில் செருகி வைத்தேன். தனக்கோடி அடுத்த தோசையோடு வந்து, "யாரான்ட அப்படிக் கத்திகினு கீற?" என்று கேட்டாள்.

"அந்த நொண்டிதான். காலு போச்சு, வாயி மட்டும் மிச்சம் கீது. தெனம் ஏழு மணியானா என் உசுர வாங்கறான். இவனுக்கு ஆயாவா நானு?"

இன்னும் சொன்னேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது. தோசை தீர்ந்து நிமிர்ந்தபோதுதான் செட்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். பட்டன் என் தொடைக்கு அடியில் அமுங்கியே இருந்திருக்கிறது. நான் பேசியதெல்லாம் போயிருக்கிறது. இந்தப் பக்கம் பட்டன் அமுங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக்காரன் குறுக்கே பேசவும் முடியாது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மைக்கை எடுத்துப் பட்டனை விட்டேன். இரைச்சல். அதற்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"கேபிள், தோசை முறுகலா? ஓவர்."

செட்டை அணைத்துவிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான். "கேபிள், இங்க நொண்டி. ஓவர்."

"டேய், இன்னாடா இது..."

"ஏசி வாணாம். இதான் இனிமே என் பேரு. இதைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் பதில் சொல்வேன். ஓவர்."

கோபமாகச் சொன்னானா, கேலியாகச் சொன்னானா என்று அந்த இரைச்சலில் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குத் துப்பில்லை. அன்றிலிருந்து தினம், "நொண்டி, நொண்டி, கேபிள் கூப்பிடறேன், ஓவர்" என்றேன். ஒவ்வொரு தடவையும் கசப்பு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் முழுங்குகிற மாதிரி இருக்கும். அவன் மட்டும் கணீரென்று பதில் சொல்வான், என் வீட்டுக் கம்பத்தை இன்னும் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று முள் கணக்கும் சொல்வான்.

அந்தக் கணீர்தான் வினையானது. அவன் வீட்டுக்கு நேர்கீழ் வீடு அசோசியேஷன் செயலாளர் தட்சிணாமூர்த்தியுடையது. இவன் பட்டனை அமுக்கிப் பேசும்போதெல்லாம் இவன் குரல் அவர் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் புகுந்து ஒலித்திருக்கிறது. அது செட்டில் நடக்கிற சின்னக் கோளாறு, சரி செய்யலாம். மனுஷன் மாடி ஏறி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நாள் உட்கார்ந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறார். சீ!

ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். மூன்று மாடி இறங்க முடியாதவனைப் பற்றிப் பேசுவதற்குக் கீழே கூட்டம். அவன் சார்பில் மெஹ்னாஸ் அந்தப் பிளாஸ்டிக் கவரோடு நின்றாள். பக்கத்தில் நான்.

தட்சிணாமூர்த்தி நோட்டைப் பிரித்தார். "ஆறாம் தேதி, 'முள் ஒன்றரைல நிக்குது.' எட்டாம் தேதி, 'இன்னும் அரை இன்ச் வெட்டணும்.' யாரை வெட்டணும்? ஃபேமிலீஸ் இருக்கற இடம் சார் இது. இந்த மாதிரி ஆளுங்க ரகசியமா வயர்லெஸ் வெச்சுப் பேசினா நாங்க என்னன்னு எடுத்துக்கறது?"

'இந்த மாதிரி ஆளுங்க' என்றால் எந்த மாதிரி என்று அங்கே எல்லாருக்கும் புரிந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. மெஹ்னாஸ் கவரை நீட்டினாள்.

"பேப்பர் யார் வேணா பிரிண்ட் பண்ணலாம்மா. கேபிள்னா இதோ நிக்கற குமரவேல்னு புரியுது. இந்த நொண்டிங்கறது யாரு? தினம் அந்தப் பேர் வருது."

"அத்தா தன்னைத்தான் அப்படிச் சொல்லிக்கறாங்க" என்றாள் அவள்.

"எந்த மனுஷன் தன்னையே அப்படிச் சொல்லிப்பான்? இது கோட் வேர்டு. மூணாவதா ஒரு ஆள் இருக்கான்."

மெஹ்னாஸ் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க சொல்லுங்க. அந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

ஒரு வரிதான். அது என் வாயிலிருந்து வந்த வசவு, அவன் எடுத்து மாட்டிக்கொண்டான் என்று சொல்லியிருந்தால், கூட்டம் என் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டுக் கலைந்திருக்கும். கம்பம் நின்றிருக்கும். ஆனால் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையிலிருந்து என்னை மாமா என்று கூப்பிட்டவள்.

"எதுக்கு வம்பு? கம்பத்தை நானே கழட்டிடறேன்" என்றேன்.

உடனே ஓட்டெடுத்தார்கள். பத்தொன்பது கை.

ஸ்பேனரோடு மேலே ஏறினேன். மொட்டை மாடிக்குப் போகும் வழியில் அவன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பால்கனி ஓரமாக நாற்காலியில் இருந்தான். அதற்கு நேர்கீழேதான் கூட்டம் நடந்த இடம். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"கழட்டத்தான் போறியா?"

"ஆமா."

"நீ சொல்லியிருக்கலாம்டா. அவ ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டா."

அவன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு செட்டிடம் போய் சுவிட்சைப் போட்டான். இரைச்சல் வந்தது.

"ஸ்பேனரை இங்கயே வெச்சிட்டு மொதல்ல உன் வூட்டுக்குப் போ. செட்டைப் போட்டு என்னை ஒரு தபா கூப்பிடு. நான் பதில் சொன்ன பொறவு வந்து கழட்டிக்கோ. ஆனா அந்தப் பேரு வாணாம். முதாசிர்னு கூப்பிடு. ஓவர் சொல்லிட்டு பட்டனை விடு."