பெருந்துறையில் மண்டபம் மாறிய கல்யாணம்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கார் ஓட்டியவன் தம்பியாகிய நான்தான் என்பதால், அக்காவின் கணவரான மாமா இந்தப் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. மழை இல்லாத வருடங்களில் மாடுகளை விற்று அப்பா அவரைப் படிக்க வைத்தார். பிரசவம் பார்க்கும் டாக்டராவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் புற்றுநோய் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். "ஏஞ் சாமி, வேற படிப்பே கெடைக்கலியா?" என்று அம்மா அழுதார். அந்த நோயின் பெயரைக்கூட எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றினார். கைராசிக்காரர் என்று பெயர். கோபமும் வரும், சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்கள் அவரிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓய்வு நெருங்க நெருங்க அவருக்கு ஒரே கவலைதான். மாணவர்களில் ஒருவர்கூட இந்தத் துறைக்கு வர விரும்பவில்லை. "வார்டுல நோவோட படுத்திருக்கறவங்களைத்தான் பசங்க பாக்கறாங்க. பொழச்சவங்க ஊட்டுக்குப் போயிடறாங்க. அவங்களை ஆரு தம்பி பாக்கறா?" என்பார்.

அதற்கு அவரே ஒரு வழி செய்தார். குணமானவர்கள் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கு அழைத்தாலும், மாணவர்கள் நான்கைந்து பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே போய் உபதேசம் எதுவும் கிடையாது. பிழைத்தவரே வந்து, "இன்னொரு ஒப்புட்டு வெச்சுக்கங்க" என்று இலையில் போடுவார். பிழைத்தவர்களைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கட்டும் என்பது அக்காவின் கணக்கு. பிள்ளைகளோ அந்த இனிப்புப் போளியை ஒரு கை பார்த்துவிட்டு, வரும் வழியெல்லாம் கண் டாக்டர், தோல் டாக்டர் என்றே பேசி வருவார்கள்.

ஒருமுறை பெருந்துறையில் கல்யாணம். பத்திரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த அக்கா, வாழைமரம் கட்டியிருந்த முதல் மண்டபத்துக்குள் எங்களை அழைத்துப் போய்விட்டார். நம் பக்கத்தில்தான் யாரென்று கேட்பதற்கு முன்பே இலை போட்டுவிடுவார்களே! சாப்பிட்டு முடித்து மேடைக்குப் போனபோதுதான் அது வேறு யார் வீட்டுக் கல்யாணமோ என்று தெரிந்தது.

"கேன்சர் ஆஸ்பத்திரி டாக்டருங்க நாங்க. மண்டபம் மாறி வந்துட்டோமுங்க" என்றார் அக்கா, முகமெல்லாம் சிவந்து.

"அதனாலென்னங்க, வவுறு நெறஞ்சுதுங்களா?" என்று கல்யாண வீட்டார் சிரித்தார்கள்.

பந்தியில் பரிமாறிய ஈஸ்வரி என்பவர் மட்டும் சிரிக்கவில்லை. கார் வரை பின்னாலேயே வந்து, கடைசியாக ஏறப்போன மாணவி நித்யாவின் கையைப் பிடித்தார். "அம்மணி, மார்ல கட்டியாட்ட ஒண்ணு இருக்குதுங்க. வலியில்லீங்க. அதனால ஊட்டுல ஆருக்கும் சொல்லலீங்க."

நித்யா தோல் டாக்டராவதென்று முடிவு செய்திருந்தவர். மறுநாள் ஈஸ்வரியை மருத்துவமனை வாசலில் காத்திருந்து அழைத்துப் போனவரும் அவர்தான். ஒவ்வொரு சிகிச்சையின்போதும் வந்து பக்கத்தில் நின்றார். ஈஸ்வரி பிழைத்தார். படிப்பு முடிந்ததும் நித்யா அக்காவிடம் வந்து, "மேடம், நானும் இதையே படிக்கறனுங்க" என்றார். அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, நித்யா நம்ம படிப்புக்கே வர்றாளாமா!" என்று இரண்டு தடவை சொன்னார்.

இதயம் தளர்ந்து படுத்திருந்த கடைசி வாரங்களிலும் வார்டைப் பற்றித்தான் கேட்பார். "நித்யா பாத்துக்குவா" என்று தானே பதிலும் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அந்த நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்களை அடுப்புப் பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த சரவணம்பட்டி அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன வாரம் ஈஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை அக்காவின் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டார். பிறகு எடுத்து என்னிடம் கொடுத்து, "டாக்டரம்மா கூட்டிட்டு வர்றாப்பலயே பசங்களைக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

டாக்டர் நித்யா தம் மாணவர்களுடன் வருகிறார். கார் ஓட்டுவது நான்தான். பத்திரிகையை இப்போதே காரில் வைத்துவிட்டேன்.