சாவடியில் கொட்டிய நெல்

“புது வரவு மட்டும். பழைய பாக்கி நிற்கிறது.” ஜய வருஷம் மாசி மாதத்துக் குத்தகை ரசீதில் மிராசுதாரின் காரியஸ்தர் எழுதிய வரி இது. ஆங்கிலக் கணக்கில் 1955. அந்த ரசீது எங்கள் கைக்கு வந்ததே அம்மாவால்தான்.

அம்மா பிறந்தது மானாம்பதியில். பிறந்த ஆண்டுக்குச் சான்று இல்லை. திருமணமாகி உத்திரமேரூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்கு வந்தபோது, அப்பா குத்தகை நிலம் உழுதுகொண்டிருந்தார். குத்தகை பணமாகப் பேசியது. நெல் விலை இறங்கிய அந்த ஆண்டுகளில், அதே பணத்துக்குக் கூடுதல் நெல்லை விற்க வேண்டியிருந்தது. பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஆகவே கதிர் அடித்ததும் காரியஸ்தர் களத்துக்கே வந்து, நெற்குவியலின் மேல் சாணிக் கரைசலால் குறி போட்டுவிடுவார். அவர் திரும்பி வந்து அளக்கும்வரை யாரும் தொடக் கூடாது. குறி கலைந்திருந்தால் திருட்டு என்று பொருள். நிலம் வேறு கைக்குப் போய்விடும்.

அவ்வாண்டு குறி போட்ட மறுநாள் பிற்பகல், பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. நான் அப்போது கைக்குழந்தை. அப்பாவும் அக்காவும் தனித்தனியே சொன்னதை ஒப்பிட்டே எழுதுகிறேன்.

களம் தாழ்வானது. மேலே வைக்கோல் போர்த்தியும் அடியில் தண்ணீர் ஏறியது.

“தொடாதமே! குறி கலைஞ்சா நெலம் பூடும்” என்றார் அப்பா.

“நெல்லு மொளச்சிப் பூட்டா மட்டும் நெலம் நிக்குமா? வானத்தப் பாத்துக்கினு நிக்கிறியே, கூடய எடுய்யா!”

குறியை அம்மாவே கையால் கலைத்தார். பக்கத்து நிலத்து எல்லப்பன் மாமாவும் முனியம்மா அத்தையும் கூடையோடு ஓடிவந்தார்கள். எங்கள் வீடு அருகில்தான். மாமா முதல் கூடையுடன் அங்கே திரும்பினார்.

“அங்க இன்னாத்துக்குப் போற? ஒரு மணிகூட எங்க வூட்டுக்குள்ள போவக் கூடாது. சாவடியில கொட்டு, ஊரே பாக்கட்டும்” என்று அம்மா தடுத்துவிட்டார். ஊர்ச் சாவடி தெருக்கோடியில் இருந்தது. இருட்டுவதற்குள் குவியல் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காரியஸ்தர் வந்தார். “யாரக் கேட்டுக் குறிய அழிச்ச?”

“மழையத்தாங்க கேட்டேன். நிக்க மாட்டேன்னிடிச்சி.”

அவர் சிரிக்கவில்லை. மரக்காலை எடுத்து அளக்கச் சொன்னார். முடிந்ததும் ரசீதை அப்பாவிடம் நீட்டி, “அடுத்த போகமும் நீயே உழு” என்றாராம். பாக்கி முழுவதும் தீர மேலும் பல ஆண்டுகள் ஆயின. பிள்ளைகள் நால்வரும் அந்த நிலத்தின் சோற்றில்தான் வளர்ந்தோம்.

சென்ற ஆவணியில் சில வாரப் படுக்கைக்குப் பின் அம்மா அமைதியாகப் பிரிந்தார். அந்நாட்களிலும் தூறல் சத்தம் கேட்டால், “வெளிய இன்னா காயுது, பாரு” என்பார். அவரைத் தூக்கி உட்காரவைத்த கைகளுக்கும், இறுதிக் கடன்களைத் தம் வீட்டுக் காரியமாகச் செய்த ஊராருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியஸ்தர் புறப்படும்போது, “நெல்லு சாவடியில கீதுன்னு நேத்தே சேதி வந்திச்சி. இல்லாங்காட்டி போலீசோடதான் வந்திருப்பேன்” என்றாராம். அந்த மழையில் போய்ச் சொன்னவர் எல்லப்பன் மாமா என்று அம்மா நம்பினார். மாமாவோ, “நான் போவலக்கா” என்று கடைசிவரை மறுத்தார். முனியம்மா அத்தையைக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. போனவர் யாரென்று இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.