ஸ்ரெல்லா தெரிந்தெடுத்த சேலை

துணி விஷயத்தில் ஸ்ரெல்லாவோடு மல்லுக்கட்டி வென்றவர் குருநகரில் ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணப் பெரியகடையில் அவள் படியேறினால், முதலாளி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் சேலையை விரிப்பார். இழுத்துப் பார்ப்பாள், கசக்கிப் பார்ப்பாள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இழை பார்ப்பாள். கிழிந்த மீன்வலை பொத்துகிற வீட்டில் பிறந்தவள். நூலின் குணம் அவள் விரலுக்குத் தெரியும். கல்யாணக் கூறைச் சேலை எடுக்கப் போன அன்று மாப்பிள்ளை சூசைதாசன் கடை வாசலில் குந்தியபடியே நித்திரையாகிவிட்டான் என்று சொல்லிச் சொந்தக்காரர் வெகுகாலம் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பெல்லாம் தொண்ணூறாம் ஆண்டோடு போயிற்று. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டபோது குருநகரில் குண்டு விழாத நாள் குறைவு. ஒரு பகல், விமானச் சத்தம் கேட்டு, மூத்தவன் றொபினை இடுப்பில் வைத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினாள். குழி வாசலில் கால் இடறியது. பிள்ளை கையிலிருந்து நழுவி, குழியின் மேல் அடுக்கியிருந்த பனங்குற்றியில் தலை அடிபட விழுந்தான். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. அவர்கள் வீட்டு ஓடு ஒன்றுகூட அசையவில்லை. பிள்ளை மட்டும் போய்விட்டான்.

'குண்டுவீச்சில் போன பிள்ளை' என்றது ஊர். பங்குச் சுவாமியாரும் பூசையில் அப்படித்தான் சொன்னார். ஸ்ரெல்லா மட்டும், "என்ரை கையாலை போனவன்" என்றாள். சூசைதாசன் ஏசவுமில்லை, உன்னில் பிழையில்லை என்று ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவுமில்லை. என்றைக்கோ ஒருநாள் இவன் வாய் திறக்கத்தான் போகிறான் என்ற பயம் அவளுக்குள் குடியேறிவிட்டது. அந்தப் பயத்தோடுதான் அவனுக்குச் சோறு போட்டாள், அவன் பக்கத்தில் படுத்தாள்.

குருநகரை விட்டு வந்தவர்கள் இணுவிலில், சின்னத்தங்கம் என்ற கமக்காரப் பெண்ணின் புகையிலைத் தோட்டத்து மூலையில் கொட்டில் போட்டார்கள். அதுவரை கடலில் மீன்பிடித்த சூசைதாசன் இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினான். கால் வழங்காமல் நடக்கமாட்டாத அவன் தகப்பன் மரியரட்ணம் கொட்டில் வாசலில் கிடந்தார். தொண்ணூற்றைந்தில் யூட் பிறந்தான். ஸ்ரெல்லா அவனைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி நடக்கமாட்டாள். முதலில் நிலத்தில் இருப்பாள். பிறகு யாராவது பிள்ளையை மடியில் வைக்கவேண்டும். சின்னத்தங்கம் பகிடி பண்ணுவாள்: "என்னடி பிள்ளை, உன்ரை மகன் என்ன கண்ணாடியே?" ஸ்ரெல்லா சிரித்து மழுப்புவாள்.

அந்த வருடம் ஐப்பசி மாதம். இராணுவம் கிட்ட வந்துவிட்டது, சனமெல்லாம் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு வெளிக்கிடவேண்டும் என்று ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. ஊர் முழுவதும் சட்டி பானை கட்டிக்கொண்டிருக்க, ஸ்ரெல்லா துணிப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். சூசைதாசன் சைக்கிளில் தகப்பனை ஏற்றித் தள்ளவேண்டும். பிள்ளையை அவள்தான் கொண்டுபோகவேண்டும். கையை நம்பக்கூடாது, நெஞ்சோடு கட்டிவிட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டாள். எதனால் கட்டுவது என்பதுதான் கேள்வி.

நைலெக்ஸ் சேலையை எடுத்தாள். பலம்தான், ஆனால் வழுக்கும், முடிச்சு நிற்காது. கூறையின் சரிகை பிள்ளையின் கன்னத்தைக் கீறும். யூட் தூங்குகிற ஏணைச் சேலை பஞ்சு மாதிரி. இழுத்துப் பார்த்தாள், நடுவில் விட்டுக்கொடுத்தது. சூசைதாசனின் சாரம் குட்டை. கடைசியில், கோயிலில் நிவாரணமாகக் கொடுத்த தடித்த பருத்திச் சேலை ஒன்று அடியில் இருந்தது. முரட்டு நெசவு, ஆனால் நூலை நூல் கவ்விப் பிடிக்கும். அதைத்தான் எடுத்தாள்.

"துணி தெரிஞ்செடுத்தது காணும், வெளிக்கிடு, ஆமி வந்திடுவான்!" என்று சூசைதாசன் கத்தினான்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் பொறுங்கோ. விழாமல் கட்டவேணும்."

பிள்ளையை நெஞ்சில் அணைத்து, சேலையை முதுகில் குறுக்கே எடுத்து, விலாப்பக்கம் கொண்டுவந்து, சின்ன வயதிலிருந்து வலையில் போட்டுப் பழகிய முடிச்சைப் போட்டாள். எந்த மீன் திமிறினாலும் அவிழாத முடிச்சு. அதன்மேல் இன்னொன்று. ஆனால் அவள் விரல் பழகியது நைலோன் நூலில். நைலோன் தண்ணீர் குடிக்காது. பருத்தி நனைந்தால் ஊதி இறுகும் என்பது, பருத்தி வலை போன காலத்துக்குப் பிறகு பிறந்த அவளுக்குத் தெரியாது.

மறுநாள் விடியும்போது செம்மணி வெட்டவெளியில் நின்றார்கள். நின்றார்கள் என்றுதான் சொல்லவேண்டும், நடக்க இடமில்லை. ஆடு, மாடு, வண்டில், கிழவர், நோயாளி எல்லாம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே நெரிசல். மழை இடைவிடாமல் கொட்டியது. நனைந்த சேலை அவள் நெஞ்சை இறுக்க, பிள்ளை இன்னும் பத்திரமாக இருக்கிறான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவி மனம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையைச் சுமந்து பயமில்லாமல் நடந்தாள்.

பக்கத்தில் வந்த சின்னத்தங்கந்தான் கேட்டாள்: "பிள்ளை, யூட்டின்ரை சத்தத்தைக் காணேல்லை?"

"நித்திரை அக்கா."

"இந்தச் சனத்துக்கை, இந்த மழைக்கை என்ன நித்திரை? முகத்தைக் காட்டு பாப்பம்."

முகம் தெரியவில்லை. ஈரச் சேலை அவனை அவள் மார்போடு ஒட்டிவிட்டிருந்தது. விரல் விட்டு இளக்கப் பார்த்தாள், விரல் நுழையவில்லை. முடிச்சைப் பிடித்தாள், கல். நகம் உடைந்தது. பல்லால் கடித்தாள். "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று அவள் வைத்த ஓலத்தில் சூசைதாசன் சைக்கிளைத் தகப்பனோடு ஒருவரிடம் சாய்த்துவிட்டு ஓடிவந்தான். வழக்கத்தில் கை இடுப்புக்குப் போயிற்று. தொழிலுக்குப் போகிற நாளில் அங்கே கத்தி இருக்கும். கடலுக்குப் போகாதவனுக்குக் கத்தி எதற்கென்று கொட்டிலின் ஓலைச் செத்தையில் செருகிவிட்டு வந்திருந்தான்.

சின்னத்தங்கம் மடியிலிருந்த பாக்குவெட்டியை எடுத்துக் கொடுத்தாள். நறுக்கவில்லை, நாலைந்து தரம் கடித்துக் கடித்துத்தான் சேலை விட்டது. பிள்ளை நீலம் பாரித்துத் தொங்கினான். சின்னத்தங்கம் வாயில் வாய் வைத்து ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், குப்புறப் பிடித்துத் தட்டினாள். சுற்றி நின்ற சனம் தள்ளுவதை நிறுத்தியது. யூட் ஒரு இருமல் இருமினான். பிறகு, மெல்லிசாக, அழுதான்.

ஸ்ரெல்லா கை நீட்டினாள். சூசைதாசன் குறுக்கே வந்து பிள்ளையை வாங்கினான்.

"உனக்குப் பிள்ளை வைச்சிருக்கத் தெரியாது. அவனையும் நீதான் சாக்காட்டினனி. இவனையும் சாக்காட்டப் பாத்தாய்."

"தம்பி, வாயை மூடு! பெத்தவளைப் பாத்துக் கதைக்கிற கதையே இது?" என்று சின்னத்தங்கம் சீறினாள்.

சூசைதாசன் கெட்டவன் இல்லை. பயத்தில் வந்த சொல் என்று சொல்லலாம். ஆனால் ஐந்து வருடமாக வாய்க்குள் ஊறிக் கிடந்த சொல்லும் அதுதான். அதைப் பூசி மெழுக முடியாது. ஸ்ரெல்லா போய்ச் சைக்கிளைப் பிடித்தாள். மாமனாரை ஏற்றித் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான்.

கைதடியில் ஒரு மரத்தடியில், பால் கொடுக்கப் பிள்ளையை அவளிடம் நீட்டினான். கொடுத்து முடியும்வரை பக்கத்தில் நின்றான். பிறகு வாங்கிக்கொண்டான்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் கிடைத்தது. யூட் தேறினான், கன்னத்தில் சதை போட்டான், சிரிக்கப் பழகினான். பசிக்கிற நேரத்துக்கு மட்டும் அவன் தாயிடம் வந்தான். குடித்து முடித்ததும் சூசைதாசன் இரண்டு கையையும் நீட்டுவான், அவள் கொடுத்துவிடுவாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று ஒருநாளாவது கேள் என்று சின்னத்தங்கம் அவளோடு சண்டை பிடித்தாள். ஸ்ரெல்லா கேட்கவில்லை. சூசைதாசன் அன்று சொன்னது சரிதான் என்று அவளும் நம்பிவிட்டாள்.