மிதிக்க ஒரு ஆள்

எங்கள் பழைய காரைப் பதினாறு வருடமாக நானேதான் பழுது பார்த்து வருகிறேன். என்ன தேதி, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருப்பவனுக்கு அது பழக்கமான வேலை. ஒயில் மாற்றுவதும் பெல்ட் மாட்டுவதும் ஒரு ஆள் செய்யக்கூடியவை. பிரேக்கில் காற்று எடுப்பது அப்படியில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் குனிந்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, குமிழி கலந்த ஒயில் வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

மனைவிதான் மிதிப்பாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஆறு மாதம் என்று சொல்லிக் கொழும்புக்குப் போனாள். இரண்டு வருடமாகிவிட்டது.

போன மாதம் பின்சக்கரத்தில் பிரேக் ஒயில் கசிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கரத்தைக் கழற்றி உள்ளே தேய்ந்திருந்த ரப்பரை மாற்றினேன். காற்று எடுக்கத்தான் ஆளில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கீழே தொழிலாளர் லயத்தில் கூப்பிட்டால் யாராவது வருவார்கள். ஆனால் தோட்டத்து ஆளை என் சொந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முடிவு செய்திருந்தேன். நான் லயத்தில் பிறந்தவன். என் அப்பாவை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலிருந்தே கிளாக்கர் வீட்டுக்கு விறகு பிளக்க அனுப்புவார்கள். அதனால் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாததால் யாரும் வருவதுமில்லை.

பெடலை நாலைந்து தடவை அழுத்தினேன். பிறகு அதற்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். நிப்பிளைத் திறந்ததும் பெடல் கீழே இறங்கியது, கம்பு நழுவி விழுந்தது, பெடல் மேலே எழும்பிக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. ஏழு தடவை முயன்றேன்.

விறகுக் கட்டோடு மேலேயிருந்து இறங்கி வந்த வயதான அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னங்க கிளாக்கரய்யா, காருக்குள்ள கம்பு? மாடா ஓட்டப் போறீங்க?"

"சும்மாதாங்க."

"ஒரு கை புடிக்கவா?"

"வேணாங்க, முடிஞ்சிருச்சு."

அவர் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி போன் செய்தாள். சனிக்கிழமை வருகிறாள், நான்கு நாள் இருப்பாள்.

"ஹட்டன் ஸ்டேஷனுக்கு வர்றேன்," என்றேன். "பிரேக் ஒண்ணு பார்த்துக்கிட்டிருக்கேன், அதுக்குள்ள முடிச்சிருவேன்."

"யாரு பார்க்கிறது?"

"நான்தான்."

"மிதிக்கிறது யாரு?"

"அதெல்லாம் நடக்குது."

"அப்போ நான் பஸ்ல வந்துர்றேங்க. மகளுக்கு ஒரு அம்மாதான் இருக்கேன்," என்று சிரித்தாள்.

"ரயில்லயே வா. நான் நிப்பேன்."

"பார்ப்போம்."

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில்தான், இங்கேயே திரும்பி வந்துவிடு என்று அவளிடம் கேட்க நினைத்திருந்தேன். போனில் எனக்கு அது வரவில்லை. வீட்டுக்குள் முகத்தைப் பார்த்துக்கொண்டும் வராது. வண்டி ஓட்டும்போது ரோட்டைப் பார்த்தபடி கேட்டுவிடலாம்.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து கொட்டகலைக்கு நடந்து போய் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். முதல் தடவை. தன் ஆட்டோவிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பெடலை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். சீட்டுக்கடியில் கிடந்த கம்பை எடுத்தார்.

"இது என்னங்க ஐயா, புது ஸ்பெயார் பார்ட்டா?"

சொன்னேன்.

"கம்புக்குத் தெரியுமாங்க எப்ப விடணும்னு? ஏறி உக்காருங்க. எனக்கும் ஆளில்ல, கூட இருந்தவரு கொழும்புக்குப் போயிட்டாரு."

நான் ஏறினேன். அவர் சக்கரத்தடியில் குனிந்தார்.

"மிதிங்க. மிதிங்க. புடிச்சிக்கிங்க... இப்ப விடுங்க. மெதுவா ஐயா, மாமியார் வீட்டுக் கதவா ஒதைக்கிறீங்க?"

அந்த சீட்டில் உட்கார்ந்து யாருக்காகவும் நான் மிதித்ததில்லை. கீழே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எதிரே தேயிலைச் செடியும் லயத்துக் கூரைப் புகையும் தெரிந்தன. குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது. சீக்கிரமே கெண்டைக்கால் வலித்தது. மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. மழையைப் பற்றிச் சொன்னார், மகனுக்குப் பெண் பார்ப்பதைச் சொன்னார், கால் வலிச்சா சொல்லுங்க என்றார். என் மனைவி மிதிக்கும்போது நான் அவளிடம் மிதி, பிடி, விடு என்ற மூன்றைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. ஒரு தடவை, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். பேசாதே, கவனம் தப்பும் என்றேன். கொப்பியில் அவள் மிதித்தாள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

நான்கு சக்கரமும் முடிந்தன. அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"முன் இடது பக்கத்த இன்னொருக்கா பார்ப்போமா?" என்றேன்.

"பார்த்தாச்சுங்களே."

"இருந்தாலும்."

அவர் மறுபடி குனிந்தார். "சுத்தமா வருதுங்க ஐயா. காத்தே இல்ல," என்றார். பிறகு ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு, அழைக்காமலே படியில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

மெக்கானிக் பார்த்துவிட்டார் என்று மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். நீ இல்லாமல் இங்கே எந்த வேலையும் நிற்கவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லி வந்தவன் நான். ஸ்டேஷனில் நேராகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரயில் வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே ஹட்டன் பிளாட்பாரத்தில் நின்றேன். அவளுடைய போன் கிடைக்கவில்லை. மலைக்குள் சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ரயில் வந்தது. வெள்ளைக்காரர்கள் பைகளோடு இறங்கினார்கள், நம் ஆட்கள் இறங்கினார்கள். ரயில் போனது. பிளாட்பாரத்தில் பூனை ஒன்று இருந்தது. அப்போது போன் அடித்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? வீடு பூட்டியிருக்கு. கொட்டகலைல எறங்கி ஆட்டோல வந்துட்டேன்."

"நான் ஸ்டேஷன்ல."

"பஸ்ல வர்றேன்னு சொன்னேனே. நீங்க பார்த்த பிரேக்ல யாரு வருவா?"

"மெக்கானிக்தான் பார்த்தாரு."

"அத முன்னுக்கே சொல்லியிருந்தா ரயில்லயே வந்திருப்பேனே. சரி, மெதுவா வாங்க."

அந்த இருபத்தைந்து நிமிடமும் தனியாக ஓட்டினேன். வீட்டில் நான்கு நாளும் அலுமாரியைத் துடைத்தாள், பேரனைப் பற்றிப் பேசினாள், என் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ரயிலேற்றிவிட நானே அழைத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த கைப்பைக்குள் டிக்கெட் இருந்தது. ஒரு வளைவில் எதிரே லொறி வந்தது. பிரேக் போட்டேன், கார் அப்படியே நின்றது.

"நல்லாப் புடிக்குதுங்க," என்றாள்.

ரோட்டைப் பார்த்தபடி, ஆமாம் என்றேன்.